தேர்தல் கட்டாயம், அதிகாரம் விருப்பம்: மாநகராட்சிகள் மீது மாநில அரசின் பிடி

மாநகராட்சி பற்றிய செய்தி எதை எடுத்தாலும் ஒரு குழப்பம் கூடவே வருகிறது. சொத்து வரி உயர்வை அறிவிப்பது மாநில அரசு. அதற்குத் தீர்மானம் போடுவது கவுன்சிலர்கள் கூடும் மாமன்றம். தெருவில் பேச்சு வாங்குவது கவுன்சிலர். மாநகராட்சியோடு எங்கள் ஊரைச் சேர்க்காதீர்கள் என்று கிராம சபை தீர்மானம் போடுகிறது, ஆனாலும் இணைப்பு அரசாணை வந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பல நாள் அமர்ந்து போராடினார்கள். போராட்டம் மாநகராட்சி வாசலில் நடந்தது, ஆனால் பேச்சுவார்த்தையில் மாநில அமைச்சர்களும் வந்து அமர்ந்தார்கள்.

அப்படியானால் மாநகராட்சி ஓர் அரசா, மாநில அரசின் ஒரு துறையா? இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது என்பதே பதில். அது எந்த இடம், அங்கே யார் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதைத் தமிழ்நாட்டை வைத்துப் பார்ப்போம்.

அடித்தளம்: பெற்றெடுப்பது மாநிலச் சட்டம்

இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியலாகப் பிரிக்கிறது. அதில் மாநிலப் பட்டியலின் 5-ஆவது இனம் உள்ளாட்சி. மாநகராட்சிகளை எப்படி அமைப்பது, எந்த அதிகாரத்தைக் கொடுப்பது என்பதெல்லாம் மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. மாநில அரசு நேரடியாக அரசமைப்பிலிருந்து அதிகாரம் பெறுகிறது. மாநகராட்சி அப்படிப் பெறுவதில்லை. மாநிலச் சட்டம் எதைக் கொடுத்ததோ அது மட்டுமே அதன் கையில் இருக்கும்.

இந்தியாவில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் 1868-இல் இதையே விதியாக வகுத்தார்: நகராட்சி மாநிலச் சட்டமன்றத்தின் படைப்பு, படைத்தவர் குறைக்கலாம், கலைக்கலாம். ஒற்றையாட்சி நாடான பிரிட்டனில் லண்டன் பெருநகர மன்றத்தை 1986-இல் நாடாளுமன்றச் சட்டமே கலைத்தது. நகரம் முழுமைக்குமான தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் அங்கே திரும்பி வர 2000 வரை ஆயிற்று.

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. அதற்கான சாசனம் கிழக்கிந்தியக் கம்பெனி 1687-இல் கொடுத்தது. தமிழ்நாடு என்ற மாநிலத்தைவிட மிக மிக மூத்த அமைப்பு. ஆனாலும் சட்டத்தின் பார்வையில் மூத்தது இளையதற்குக் கட்டுப்பட்டது. மிக அண்மைக்காலம் வரை சென்னைக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சிகளுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம், மதுரைக்கு 1971, கோவைக்கு 1981 என்று தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக்கும் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது, பின்பு நிறுத்திவைக்கப்பட்டது, திருத்தங்களோடு மீண்டு 2023 ஏப்ரலில்தான் விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. நகரங்கள் எந்தச் சட்டத்தின்கீழ் நடக்க வேண்டும் என்பதையே கால் நூற்றாண்டு கிடப்பில் போட முடிகிறது என்றால், கயிறு யார் கையில் என்று கேட்கவே வேண்டியதில்லை.

74-ஆவது திருத்தம் எதை மாற்றியது

1993 ஜூன் 1 வரை, நகராட்சித் தேர்தலை நடத்தாமலே விட்டுவிட்டாலும் மாநில அரசைக் கேட்க அரசமைப்பில் ஒரு வரிகூட இல்லை. ராஜீவ் காந்தி அரசு 1989-இல் கொண்டுவந்த, நகராட்சிகளுக்கான நகர்பாலிகா மசோதா மாநிலங்களவையில் தோற்றது. பிறகு நிறைவேறிய 74-ஆவது திருத்தம் அந்த 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்து, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றுக்கும் முதன்முறையாக அரசமைப்பில் இடம் கொடுத்தது.

அந்தத் திருத்தத்தைப் படிக்கும்போது வினைச்சொற்களைப் பார்க்க வேண்டும். சில இடங்களில் "வேண்டும்" என்று இருக்கும், சில இடங்களில் "லாம்" என்று இருக்கும். விஷயம் முழுவதும் இந்த இரண்டு விகுதிகளில்தான் அடங்கியிருக்கிறது.

"வேண்டும்" என்பவை:

1. ஒவ்வொரு மன்றத்துக்கும் ஐந்து ஆண்டு ஆயுள். அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். இடையில் கலைத்தால், ஆறு மாதத்துக்குள் தேர்தல். இது 243-யூ பிரிவு.
2. கலைக்கும் முன் அந்த மன்றத்தின் தரப்பைக் கேட்க உரிய வாய்ப்பு தர வேண்டும்.
3. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம். பெண்கள் பங்கைத் தமிழ்நாடு 2016-இல் பாதியாக உயர்த்தியது.
4. தேர்தலை மாநில அரசு நடத்தக் கூடாது, மாநிலத் தேர்தல் ஆணையமே நடத்த வேண்டும்.
5. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாநில நிதி ஆணையம் அமைக்க வேண்டும்.
6. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும்.

"லாம்" என்பவற்றில் முக்கியமானவை இரண்டு. நகராட்சிக்கு அதிகாரமும் பொறுப்பும் மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின் மூலம் வழங்கலாம் என்கிறது 243-டபிள்யூ. வரி விதிக்கவும் வசூலிக்கவும் அனுமதிக்கலாம் என்கிறது 243-எக்ஸ்.

அதாவது தேர்தல் கட்டாயம், தேர்ந்தெடுக்கப்பட்டவர் செய்ய வேண்டிய வேலையும் அதற்கான பணமும் மாநிலத்தின் விருப்பம். பன்னிரண்டாவது அட்டவணை 18 பணிகளைப் பட்டியலிடுகிறது: நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாடு, குடிநீர், சாலை, துப்புரவு, தீயணைப்பு, குடிசைப் பகுதி மேம்பாடு, பூங்கா, சுடுகாடு, தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பிறப்பு இறப்புப் பதிவு இப்படி. பலரும் இதை நகராட்சியின் அதிகாரப் பட்டியல் என்று எழுதுகிறார்கள். அது தவறு. மாநிலம் மனம் வைத்தால் கொடுக்கக் கூடியவற்றின் பட்டியல் அது.

ஒரு தெருவில் எத்தனை அரசுகள்

இதன் விளைவைப் பார்க்கச் சென்னையில் ஏதாவது ஒரு குடியிருப்புத் தெருவில் போய் நின்றால் போதும்.

மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதற்குச் சில அடி தள்ளி மண்ணுக்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய், மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. 1978-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தால் உருவான இந்த வாரியம் மாமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதில்லை. விளக்குக் கம்பம் மாநகராட்சி, அதில் எரியும் மின்சாரம் மின்வாரியம். தெரு போய்ச் சேரும் பெரிய சாலை சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது. நிழற்குடை மாநகராட்சி, அதன் முன் நிற்கும் பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகம். பின்னால் ஓடும் ஆறு நீர்வளத் துறை. ஆற்றோரக் குடியிருப்பு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். நகரம் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்ற முழுமைத் திட்டத்தை வகுப்பது 1970-களில் மாநில அரசு உருவாக்கிய சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். தீயணைப்பு மாநிலத் துறை.

இப்போது மழைக்காலத்தில் அந்தத் தெருவின் மேன்ஹோல் பொங்குகிறது என்று வையுங்கள். வீட்டு வாசலில் நாற்றம். ஓட்டுப் போட்டது கவுன்சிலருக்கு, அதனால் போன் அவருக்குத்தான் போகும்.

"அக்கா, மூணு நாளா பொங்குது. பிள்ளைங்க அதுலயே மிதிச்சிட்டுப் போகுது."

"மெட்ரோ வாட்டருக்குச் சொல்லியிருக்கேன்மா. லாரி வரும்."

அவர் பொய் சொல்லவில்லை. வாரியத்தின் பகுதிப் பொறியாளரிடம் சொல்வதைத் தவிர அவரால் செய்ய முடிந்தது அதிகமில்லை. அந்தப் பொறியாளருக்கு மாமன்றம் மேலிடம் அல்ல. வாரியம் வந்து குழாயை மாற்ற முடிவு செய்தால், சாலையைத் தோண்ட மாநகராட்சியிடம் அனுமதி வாங்கிச் சாலை வெட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். தோண்டியது வாரியம், பள்ளத்தை மூடிய பின் தார் போடுவது மாநகராட்சி. நடுவில் சில வாரமானால், வண்டி சறுக்கி விழுபவர் யார்மீது புகார் கொடுப்பது என்றே தெரியாமல் நிற்பார்.

பணத்திலும் இதே கதை. கட்டடத்தின் ஆண்டு மதிப்பை நிர்ணயிப்பது மாநகராட்சி. அந்த மதிப்பை வைத்துக் குடிநீர், கழிவுநீர் வரியை வாரியம் தனியாக வசூலித்துக்கொள்கிறது.

மற்ற நகரங்களில் ஓரளவு வேறு ஏற்பாடு. பெரிய குடிநீர்த் திட்டங்களைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டி முடிக்கும், வீடுகளுக்குப் பகிர்ந்து தருவது உள்ளாட்சி. ஆனால் கேள்வி அங்கும் அதேதான்: மக்கள் யாரிடம் கேட்கிறார்களோ அவரிடம் அதிகாரம் இருக்கிறதா?

மாநில அரசின் கையில் உள்ள கயிறுகள்

மன்றத்தைக் கலைப்பது ஒன்றுதான் மாநில அதிகாரம் என்று நினைப்பது பழைய நினைப்பு. அன்றாடம் இயங்குபவை வேறு.

*1. ஆணையர்*

மேயர் நகரத்தின் முதல் குடிமகன், மாமன்றக் கூட்டத்துக்குத் தலைவர். ஆனால் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். கோப்பில் கையெழுத்திடுவதும், ஊழியர்களுக்கு உத்தரவிடுவதும், ஒப்பந்தங்களை நடத்துவதும் அவரே. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. சென்னை போன்ற பெரிய மாநகராட்சிகளில் அவர் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. ஒரே நாளில் அவரை வேறு துறைக்கு மாற்றும் உத்தரவு வந்தால் மாமன்றத்தைக் கேட்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மாமன்றக் கூட்டத்தில் பொருள் எண் வாசிக்கப்படுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புரியும். பெரும்பாலான பொருள்கள் அதிகாரிகள் தயாரித்தவை. "மன்றத்தின் அனுமதிக்கு" என்று முடியும். ஒரே அமர்வில் வரிசையாக வாசித்து வரிசையாக நிறைவேறும். விவாதிக்கும் கவுன்சிலர் இல்லாமல் இல்லை. ஆனால் திட்டத்தை முதலில் யோசிக்கும் இடம் அந்த அரங்கமாக இருப்பதில்லை. கொல்கத்தாவின் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போனது: மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் சேர்ந்த ஒரு குழு, நகர அமைச்சரவை போலச் செயல்படுகிறது. மாநிலம் விரும்பினால் அப்படியும் ஒரு சட்டம் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

*2. தீர்மானத்தை நிறுத்தும் அதிகாரம்*

மாமன்றம் சட்டத்துக்குப் புறம்பாகவோ பொதுநலனுக்கு எதிராகவோ தீர்மானம் போட்டதாக அரசு கருதினால், அதை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் முடியும். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேலான பணிகளுக்கு அரசின் நிர்வாக அனுமதி தேவை. புதிதாக ஒரு பணியிடம் உருவாக்குவதற்கும் அரசின் ஒப்புதல் தேவை.

*3. மேயரை யார் தேர்ந்தெடுப்பது*

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை 74-ஆவது திருத்தம் மாநிலத்திடம் விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் அதன் வரலாறு இது. 1996, 2001: மக்களே நேரடியாக. 2006: கவுன்சிலர்கள் மூலம். 2011: மீண்டும் மக்கள். 2016: மீண்டும் கவுன்சிலர்கள். 2018: மீண்டும் மக்கள் என்று திருத்தம். 2019 நவம்பர்: அவசரச் சட்டம் மூலம் மீண்டும் கவுன்சிலர்கள். கடைசி முறைப்படிதான் 2022 மார்ச் 4 அன்று மேயர்கள் தேர்வானார்கள்.

இந்த ஊசலாட்டத்தைச் சட்ட நுணுக்கமாகப் பார்க்க முடியாது. ஒரு பெருநகரம் முழுக்க ஓட்டு வாங்கிய மேயருக்குப் பல சட்டமன்றத் தொகுதிகளின் ஆதரவு ஒருசேரக் கிடைக்கிறது. ஒரு தொகுதியில் வென்ற எம்.எல்.ஏ.வை விடப் பெரிய ஆதரவு அது. 1996-இல் சென்னை மேயராக நேரடியாகத் தேர்வான மு.க. ஸ்டாலின் 2001-இலும் வென்றார். ஒருவரே சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருக்க 2002-இல் சட்டத் தடை வந்தது, அவரால் மேயராகத் தொடர முடியவில்லை. அதே அவர் முதலமைச்சராக இருந்த 2022-இல் மேயர்கள் மறைமுகத் தேர்தலில் வந்தார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் நகரத் தலைமையின் உயரத்தை அளந்து வைப்பது கோட்டைதான்.

*4. எல்லை*

எது நகரம், எது கிராமம் என்று அறிவிப்பது ஆளுநர் பெயரில் வரும் அரசு அறிவிக்கை. மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்கான வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்போர் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 243-கியூ சொல்கிறது. கிராம சபையின் சம்மதம் அந்த வரிசையில் இல்லை. 2025 ஜனவரியில் பல மாநகராட்சிகளின் எல்லைகளை விரிக்கும் அரசாணைகள் வந்தபோது ஊராட்சி மக்கள் கலெக்டர் அலுவலகங்களுக்கு மனுவோடு போனது இதனால்தான். அவர்கள் அச்சம் வெறும் உணர்ச்சி அல்ல. ஊரகத்துக்கான வேலை உறுதித் திட்டம் (அன்று நூறு நாள் வேலை), ஊர் நகரமானதும் நின்றுபோகும். வீட்டு வரி ஏறும். பத்து நிமிட நடையில் இருந்த ஊராட்சி அலுவலகம் மண்டல அலுவலகமாகித் தூரம் போகும். ஊராட்சித் தலைவர் என்ற ஒருவர் இருந்த இடத்தில் வார்டுக்கு ஒரு கவுன்சிலர், சிலவேளை நாலைந்து ஊருக்கும் சேர்த்து ஒரே கவுன்சிலர்.

ஆட்சேபணை தெரிவிக்க வாய்ப்பு உண்டு. அதைக் கேட்டாக வேண்டும், ஏற்றாக வேண்டும் என்பதில்லை.

*5. பணம்*

சொத்து வரி நகராட்சியின் முதுகெலும்பு. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு அதை 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தும் அறிவிப்பை வெளியிட்டது. மேயர்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. பின்னர் மாமன்றங்கள் தீர்மானம் போட்டன. அரசு காரணம் சொன்னது: சொத்து வரிக்கு அடிப்படை விகிதம் நிர்ணயித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் உயர்த்தினால்தான் 15-ஆவது நிதி ஆணையத்தின் மானியம் கிடைக்கும் என்பது மத்திய நிபந்தனை. ஆக, மேலிருந்து நிபந்தனை மத்தியில், விகிதம் மாநிலத்தில், தீர்மானம் மாமன்றத்தில், வசூல் வாசலில். நான்கு படிகளில் மக்கள் கண்ணுக்குத் தெரிவது கடைசிப் படி மட்டும்.

வரியை நெடுங்காலம் உயர்த்தாமல் வைத்திருந்ததும் தவறுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. சென்னையில் 1998-க்குப் பிறகு உருப்படியான சீரமைப்பு நடக்கவில்லை. ஆனால் உயர்த்தாததும் உயர்த்தியதும் இரண்டுமே கோட்டையின் தேர்தல் கணக்கைப் பார்த்து நடந்தவை. நகரத்தின் வரவு செலவைப் பார்த்து நடந்தவை அல்ல.

இன்னொரு வழி மாநில நிதி ஆணையம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு ஒரு பங்கு, தமிழ்நாட்டில் 10 விழுக்காடு அளவில். இந்த ஆணையத்தின் பரிந்துரையை ஏற்பதும் மறுப்பதும் அரசின் முடிவு, எடுத்த நடவடிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம்.

நகரம் தன் சொந்த வருமான வழியை ஒரே நாளில் இழக்கவும் கூடும். மும்பை மாநகராட்சிக்கு ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி பெரிய வருமானம். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அது ஒழிந்தது, பதிலுக்கு மாநிலம் இழப்பீடு தருகிறது. தானே வசூலித்த பணத்துக்கும் அடுத்தவர் அனுப்பும் பணத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குடும்பம் நடத்துபவர்கள் அறிவார்கள்.

*6. இணை நிறுவனங்கள்*

2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டின் 11 நகரங்கள் சேர்ந்தன. பணிகளை நடத்தியது மாமன்றம் அல்ல. மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்குடன் அமைத்த கம்பெனி. வேகத்துக்காக என்றார்கள். கட்டி முடித்த பேருந்து நிலையத்தையும் பூங்காவையும் பராமரிக்கும் செலவு பிறகு மாநகராட்சிக்கு வந்து சேர்ந்தது.

23 ஆண்டும் ஐந்தாண்டுக்கு மேலும்

மன்றமே இல்லாமல் நகரம் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இரண்டு நீண்ட உதாரணங்கள் உண்டு.

முதலாவது 1973. மஸ்டர் ரோல் எனப்படும் தினக்கூலிப் பதிவேட்டில் நடந்த ஊழல் வெளிவந்து, சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டது. ஊழல் உண்மையான பிரச்சினை. அதற்கு மருந்து விசாரணையும் மறுதேர்தலும். ஆனால் அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். 23 ஆண்டுகள் சென்னை அதிகாரிகள் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தின் தொடக்கத்தில் பிறந்த குழந்தை, வாக்குரிமை பெறும் வயதைத் தாண்டியும் ஒரு கவுன்சிலரைப் பார்த்ததில்லை. குடிநீர் நகரத்தின் கையைவிட்டு வாரியத்துக்குப் போன 1978, அதைத் தட்டிக்கேட்க மாமன்றமே இல்லாத ஆண்டு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டாவது உதாரணம் இன்னும் கூர்மையானது, ஏனென்றால் இது 74-ஆவது திருத்தத்துக்குப் பிறகு நடந்தது. 2011-இல் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவித்த தேர்தலை இடஒதுக்கீட்டுக் குறைபாடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு. மன்றத்துக்குப் பதிலாக நிர்வாகம் பார்த்த தனி அலுவலர்களின் காலத்தை ஆறாறு மாதமாகச் சட்டமன்றம் நீட்டிக்கொண்டே போனது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. மன்றம் இல்லாத காரணத்தால் மத்திய மானியமும் தடைப்பட்டது.

"வேண்டும்" என்று அரசமைப்பு சொன்ன விஷயத்திலேயே இவ்வளவு நழுவ முடிந்தது. இத்தனைக்கும் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2006-லேயே தெளிவாகச் சொல்லியிருந்தது: வார்டு மறுவரையறையைக் காரணம் காட்டி ஐந்தாண்டைத் தாண்டக் கூடாது, மாநில அரசு ஒத்துழைக்காவிட்டால் தேர்தல் ஆணையமே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பெங்களூரு மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது, மும்பையில் 2022 மார்ச்சில். இரண்டு நகரங்களும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகள் கையில் இருந்தன. நாட்டின் மிகப் பெரிய நகரங்களுக்கே இந்த நிலை.

மாநிலத்தின் வாதத்தில் நியாயம் உண்டா

உண்டு. சென்னையின் குடிநீர் வீராணத்திலிருந்தும் ஆந்திரத்தின் கிருஷ்ணா நீரிலிருந்தும் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகளிலிருந்தும் வருகிறது. பக்கத்து மாநிலத்தோடு ஒப்பந்தம் போடும் வேலையை எந்த மேயராலும் செய்ய முடியாது. சிறிய பேரூராட்சிக்குப் பாதாளச் சாக்கடையை வடிவமைக்கப் பொறியாளர் இருக்க மாட்டார். பணக்கார நகரம் தன் வரியைத் தானே வைத்துக்கொண்டால் ஏழை நகரத்துக்கு யார் கொடுப்பது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பொதுப் பணத்தில் கைவைத்த மன்றத்தைத் தடுக்க மேலே ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் இந்தக் காரணங்கள் எதுவும் தெருமுனைச் சாக்கடைக்குப் பொருந்தாது. பிரதான குழாயை மாநில வாரியம் பார்க்கட்டும், வார்டுக்குள் உள்ள கிளைக் குழாயை ஏன் மாமன்றத்திடம் விடக் கூடாது? திறமை இல்லை என்று சொல்லி அதிகாரத்தைத் தராமலிருப்பதும், அதிகாரம் இல்லாததால் திறமை வளராமலிருப்பதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன. கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டுத் திறமையைப் பிறகு வளர்த்தது. தவறுகளும் நடந்தன. ஆனால் அதற்குப் பின் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த நிதியை மொத்தமாகத் திரும்பப் பிடுங்க முடியவில்லை.

மாநில உரிமைக்காகத் தமிழ்நாடு எழுப்பும் குரல் நாடறிந்தது. நிதிப் பகிர்வில் அநீதி, அதிகாரக் குவிப்பு, ஆளுநர் தலையீடு என்று டெல்லியை நோக்கி வைக்கும் வாதங்கள் வலுவானவை. அந்த வாதங்களில் "மத்திய அரசு" வரும் இடத்தில் "மாநில அரசு" என்றும், "மாநிலம்" வரும் இடத்தில் "மாநகராட்சி" என்றும் போட்டுப் படித்தால் வாக்கியம் எங்கும் இடறுவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 48 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நகரவாசிகள். பாதிப் பேருடைய அன்றாடம் இது.

குடிமக்கள் கவனிக்க வேண்டிய இடங்கள்

1. புகார் யாருக்கு: சாக்கடையா, மழைநீர் வடிகாலா என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். சென்னையில் முதலாவது வாரியத்துக்கு, இரண்டாவது மாநகராட்சிக்கு. வாரியத்தின் செயலற்ற தன்மைக்கு எம்.எல்.ஏ.வையும் கேட்க வேண்டும், ஏனென்றால் வாரியம் பதில் சொல்வது மாநில அரசுக்கு.
2. வார்டு குழு, பகுதி சபா: இவற்றுக்கான விதிகள் 2022-இல் வந்தன. கிராம சபைக்கு இணையாக நகரத்தில் மக்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் இடம் இதுதான். உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது, கூட்டக் குறிப்பு எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.
3. எல்லை மாற்றம்: அறிவிக்கையில் ஆட்சேபணைக்கான காலக்கெடுவைப் பாருங்கள். அந்தக் காலத்துக்குள் எழுத்தில் கொடுத்த மனுவுக்கே பின்னர் நீதிமன்றத்தில் மதிப்பு.
4. நிதி: மாநில நிதி ஆணையத்தின் அறிக்கையும் அரசு எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்பும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் ஆவணங்கள். எந்தப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை என்ற பட்டியலில்தான் உங்கள் நகரத்தின் அடுத்த ஐந்தாண்டு இருக்கிறது.
5. தேர்தல் தேதி: 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீட்டுச் சுழற்சி, வாக்காளர் பட்டியல் மூன்றும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 2016-இல் சறுக்கியது இடஒதுக்கீட்டில், அதன் பிறகு தேர்தலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது மறுவரையறை. 2024-இல் புதிதாக மாநகராட்சிகளான காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை ஆகிய ஊர்களிலும், எல்லை விரிந்த மற்ற நகரங்களிலும் வார்டு வரைபடம் வெளிவந்துவிட்டதா என்று இப்போதே கேட்க வேண்டும். கேட்க வேண்டிய இடம் மாநிலத் தேர்தல் ஆணையம். பதில் வராவிட்டால் அடுத்த படி உயர் நீதிமன்றம், கையில் எடுத்துப் போக வேண்டியது 243-யூ பிரிவு.